கோட்டைக்கு வெளியே உள்ள செஞ்சி

செஞ்சி என்றவுடன் நம்மவர் நினைவில் எழுபவை ராஜகிரியும் கல்யாண மகாலும் தேசிங்குராஜன் கதையுந்தான். 2025 ஜூலையில் யுனெஸ்கோ மராட்டியர் காலத்துக் கோட்டைகள் பன்னிரண்டை உலகப் பாரம்பரியச் சின்னங்களாக ஏற்றபோது, மகாராஷ்டிரத்துக்கு வெளியேயிருந்து அவ்வரிசையில் சேர்ந்த ஒரே கோட்டை இது என்ற கீர்த்தியும் அதற்கு வந்து சேர்ந்தது. ஆயினும் செஞ்சி நாட்டின் மெய்யான பழமை அந்த மதில்களுக்கு வெளியே, ஏரிக்கரைகளையும் மல்லாட்டைக் கொல்லைகளையும் அடுத்து, குன்றுக்கொன்றும் ஊருக்கொன்றுமாகச் சிதறிக் கிடக்கிறது என்பதும், அதனைக் காண்பதற்குச் சைக்கிளைப்போல் உகந்த வாகனம் பிறிதில்லை என்பதும் அப்பிரதேசத்தில் பலமுறை சுற்றியலைந்த என் அபிப்பிராயம்.

காரணம் வேகமன்று, வெளிச்சம். பாறையில் மெல்லிதாகச் செதுக்கிய உருவமும், மழையும் வெயிலும் தேய்த்த எழுத்தும் உச்சிப்பொழுதின் நேர்வெயிலில் கண்ணுக்கே புலப்படுவதில்லை. கதிரவன் சாய்ந்திருக்கும் வேளையில், ஒவ்வொரு கீறலும் தன் நிழலைத் தானே ஏந்தி நிற்க, கல் பேசத் தொடங்குகிறது. கோழி கூவும் நேரத்தில் செஞ்சியிலிருந்து புறப்பட்டுச் சிங்கவரத்துச் சாலையில் சற்றுத் தூரம் மிதித்தால், வெயில் ஏறுமுன் திருநாதர்குன்றின் அடிவாரத்தை அடைந்துவிடலாம். அங்கே ஒரே பாறையில், வரிசைக்குப் பன்னிருவராக இரண்டு வரிசைகளில், இருபத்துநான்கு சமணத் தீர்த்தங்கரரும் அமர்ந்திருக்கிறார்கள். அக்குன்றில்தான் சந்திரநந்தி என்னும் ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்ததைச் சொல்லும் கல்வெட்டும் உள்ளது. வட்டெழுத்து உருவாகிவந்த காலத்து லிபியில் அமைந்த அச்சாசனத்தை 5, 6-ஆம் நூற்றாண்டுகளைச் சார்ந்ததாகக் கணிப்பர். பிற்காலத்தில் இளையபட்டாரகர் என்பவர் அதே குன்றில் 30 நாள் நோன்பிருந்து மறைந்திருக்கிறார். எழுத்துத் தெளியவில்லையென்று சுண்ணாம்புக்கட்டி தேய்ப்பதும் எண்ணெய் பூசுவதும் மகாபாதகம். ஒரு வெள்ளைத் துணியையோ செய்தித்தாளையோ விரித்து வெயிலை ஓரத்திலிருந்து எழுத்தின்மேல் திருப்பிவிட்டால் போதும்.

மேல்சித்தாமூர் திண்டிவனம் சாலையை விட்டு உள்ளே ஒதுங்கிய ஊர். தமிழ்ச் சமணரின் தலைமைப் பீடமான ஜினகாஞ்சி மடம் இங்கேதான் இருக்கிறது. அதன் தலைவர் லக்ஷ்மிசேன பட்டாரகர் என்ற பட்டப்பெயரால் வழங்கப்பெறுகிறார். பார்சுவநாதர் ஆலயத்தின் நெடிய கோபுரத்தையும் மானஸ்தம்பத்தையும் கண்டு மகிழ்ந்து அப்படியே திரும்பிவிடுவோர் பலர். ஊரிலுள்ள மலைநாதர் கோயிலோ, சுமார் 9-ஆம் நூற்றாண்டில் ஒரு பெரும்பாறையில் வடித்த திருமேனிகளைச் சுற்றி எழுந்தது: கொடி படர்ந்த பாகுபலி, அரவக்குடையின்கீழ்ப் பார்சுவநாதர், ஆதிநாதர், மகாவீரர், அம்பிகை. நான் சென்றபோது கதவு பூட்டிக் கிடந்தது. எதிர்த் திண்ணையில் முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்த மூதாட்டி, “வாத்தியாரு இப்பத்தான் பூசை முடிச்சிட்டுப் போறாரு. சைக்கிள நெழல்ல போட்டுட்டு ஒக்காருப்பா, சொல்லி அனுப்புறேன்” என்றார். சமணக் கோயில்களில் பூசை செய்பவரை உபாத்தியாயர் என்பது மரபு. அவர் வந்து தீபத்தைப் பக்கவாட்டில் பிடித்துக் காட்டியபோது, மின்விளக்கில் தட்டையாகத் தோன்றிய அம்பிகையின் முகத்தில் கன்னமும் உதடும் திரண்டெழுந்தன. கைவிளக்கை நேரே அடித்துப் பார்ப்பவர் இதை இழந்தே போவார். படமெடுக்க வேண்டுமானால் அவரிடம் அனுமதி கேட்பதே முறை, ஏனெனில் இது நித்திய பூசை நடக்கும் சன்னிதி. நாம் ‘சிதைவு’ தேடிவருகிறோம் என்பதற்காக ஊரார் தம் தெய்வத்தைச் சிதைவென்று கருதவேண்டிய கட்டாயமில்லை.

கேட்டறிவதில் கூச்சம் உதவாது. சீவக சிந்தாமணியை 1887-இல் பதிப்பித்த உ. வே. சாமிநாதையரே ஜைன மதச் செய்திகளைக் கும்பகோணத்துச் சமண அன்பர்களிடம் கேட்டுத்தான் தெளிந்தார். சமண இல்லங்களில் அஸ்தமனத்துக்குப்பின் உண்ணும் வழக்கமில்லையாதலால், உபசாரத்தை எதிர்பார்த்து அந்திவேளையில் அங்கே போய் நிற்பது அவர்களைச் சங்கடப்படுத்தும்.

இனி வண்டியைப் பற்றி. வாடகைச் சைக்கிள் கடைகள் அருகிவிட்டன. சொந்த வண்டியே உத்தமம். கியர் முதலிய ஆடம்பரங்கள் இச்சமவெளிக்கு அவசியமில்லை. பஞ்சர் ஒட்டும் சாமானும் கைப்பம்பும் மாற்று டியூப் ஒன்றும் இன்றியமையாதவை, ஏனெனில் ஏரிக்கரைப் பாதைகளில் சீமைக்கருவேல முள் செய்யும் துஷ்டத்தனம் கொஞ்சநஞ்சமன்று. முள் குத்தினால் உடனே பிடுங்காமல், குத்திய இடத்தில் சாக்கட்டியால் அடையாளமிட்டுப் பிறகு பிடுங்குவது, டியூபில் ஓட்டையைத் தேடும் வேலையை மிச்சப்படுத்தும் (சாக்கட்டிக்கு நான் ஒப்புக்கொள்ளும் உபயோகம் இதுவொன்றே). அறுவடைக் காலத்தில் கேழ்வரகுக் கதிரையும் கொள்ளுச் செடியையும் தார்ச்சாலையில் பரப்பிவைப்பார்கள். பஸ்ஸும் லாரியும் அதன்மேல் ஏறிப்போவதே அவர்களுக்கு வேண்டுவது, ஆனால் சைக்கிள்காரனுக்கோ தாள் சங்கிலியில் சுற்றிக்கொண்டு பல்சக்கரத்தை இறுக்கிவிடும். அங்கே இறங்கித் தள்ளிக்கொண்டு போவதே விவேகம். கத்திரி வெயிலில் இந்தப் பாறைகள் தோசைக்கல்லாகக் காய்கின்றன. மார்கழியும் தையுமே யாத்திரைக்கு ஏற்ற மாதங்கள்.

மற்றொரு நாளை விழுப்புரம் சாலைக்கு ஒதுக்கி, மண்டகப்பட்டைப் பார்த்துவருக. செங்கல், மரம், உலோகம், சுதை இவையின்றி மும்மூர்த்திகளுக்குக் கோயில் சமைத்ததாக மகேந்திரவர்மன் தன் சாசனத்தில் பெருமைப்பட்டுக்கொண்ட குடைவரை அது. மேலச்சேரிக் குடைவரையில் பாறையிலேயே செதுக்கிய லிங்கமும், பனமலையில் ராஜசிம்மன் காலத்து ஓவியத்தில் எஞ்சிய பகுதியும் கட்டாயம் காணத்தக்கவை.

கோட்டையைக் கடைசியில் வைத்துக்கொள்வதே நலம். இவ்வளவையும் கண்டபின் அங்குள்ள வெங்கடரமணர் கோயிலில் நுழைபவருக்கு, நின்ற தூண்களோடு நில்லாத தூண்களும் கண்ணில் படும். 1750 முதல் 1761 வரை கோட்டை பிரெஞ்சுக்காரர் வசம் இருந்தது. புதுச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் கருங்கல் தூண்கள் செஞ்சியிலிருந்து சென்றவையே என்பர். அவற்றையும் பார்த்தே தீருவதென்று சைக்கிளிலேயே கிழக்கு நோக்கிச் செல்வோர் விடியுமுன் கிளம்புவது உத்தமம். பிற்பகலில் கடற்காற்று முகத்திலடிக்கத் தொடங்கிவிடும்.