உதிரப்போக்கும் திசு ஆய்வும்

கறிக்கடையில் வாங்கிய ஆட்டு ஈரலை மெழுகில் பதித்து, மைக்ரோடோமில் சீவுவதற்கு விலங்கியல் ஆய்வுக்கூடத்தில் கற்றுக்கொண்டபோது, அக்கலை என் வீட்டுக்கே பயன்படும் என்று நான் எண்ணியதில்லை. என் தாயாரின் இசைவுடனேயே இதனை எழுதுகிறேன்.

அம்மாவுக்கு வயது 54. மாதவிலக்கு நின்று மூன்று ஆண்டுகளான பின் மறுபடியும் உதிரம் கண்டது. ‘உடம்புச் சூடு’ என்று கருதி, வெந்தயத்தை மோரில் ஊற வைத்து விழுங்கிக்கொண்டு, இரண்டு மாதம் எவரிடமும் சொல்லாமல் இருந்துவிட்டார். கொல்லைக் கொடியில் பழைய துணிகள் காய்வதைக் கண்டுதான் நான் அறிந்தேன்.

கருப்பையின் உள்வரிச் சவ்வை வளரச் செய்வது ஈஸ்ட்ரோஜன். அவ்வளர்ச்சியைக் கட்டுக்குள் வைப்பது புரோஜெஸ்டிரோன். மாதவிலக்கு நின்றபின் சூலகம் ஓய்ந்தாலும், உடலின் கொழுப்புத் திசு சிறிது ஈஸ்ட்ரோஜனை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். தடுக்க ஆளில்லாத அந்த ஈஸ்ட்ரோஜனால் சவ்வு தடிக்கக்கூடும். சவ்வு மெலிந்து போனாலும், உள்ளே சிறு சதை வளர்ந்தாலும் உதிரம் வரலாம். மாதவிலக்கு நின்றபின் உதிரம் காணும் பெண்கள் நூறு பேரில் ஏறத்தாழ 9 பேருக்கே கருப்பை உட்சவ்வுப் புற்றுநோய் இருக்கிறது. ஆனால் அந்நோய் கண்டவர்களுள் நூற்றுக்குச் சுமார் 90 பேருக்கு முன்னதாக உதிரம் வந்திருக்கிறது. இவ்விரண்டு கணக்குகளையும் சேர்த்தே படிக்க வேண்டும். முதலாவதை மட்டும் படிப்பவர் வெந்தயத்தோடு நின்றுவிடுவார். இரண்டாவதை மட்டும் படிப்பவருக்கு உறக்கம் வராது.

ஸ்கேனில் சவ்வின் தடிப்பு 4 மில்லிமீட்டருக்கு மேற்படாவிட்டால் பெரும்பாலும் அஞ்ச வேண்டியதில்லை. அம்மாவுக்கு 11 இருந்தது. “முன்னமே பாப் ஸ்மியர் எடுத்து நல்லாயிருக்குன்னு சொன்னாங்களே” என்றார். அச்சோதனை கருப்பை வாய்க்கானது. உட்சவ்வைப் பற்றி அதை நம்பியிருக்க இயலாது என்று மருத்துவர் விளக்கி, மெல்லிய குழாயால் திசு எடுத்தார்.

எடுத்த திசுவைச் சீசாவில் இட்டு, ஆய்வகத்தில் சேர்க்குமாறு என்னிடமே தந்தார்கள். சீசாவில் அம்மாவின் பெயரும் எண்ணும் சரியாக உள்ளனவா என்று பார்த்தேன். மூடியருகே ஃபார்மலின் நெடி வீசியது. எங்கள் ஆய்வுக்கூடத்தின் அதே நெடி! அதனை அவ்வளவு ஆறுதலோடு நான் முகர்ந்தது அன்றுதான்.

பிறகு ஒன்பது நாட்கள். ‘முடிவு தாமதமானால் கெட்டதுதான்’ என்று பக்கத்து வீட்டு அத்தை சொல்லிவிட்டுப் போனார். அம்மா சோற்றைத் தொடவில்லை. அன்றிரவு என் செய்முறைப் பதிவேட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு விளக்கினேன். திசு அழுகாதிருக்க ஃபார்மலின். பின், வலிமை சிறிது சிறிதாகக் கூடும் ஆல்கஹாலில் இட்டு நீரை அகற்றுதல். சைலீனில் ஆல்கஹாலை நீக்குதல். சுமார் 60 டிகிரி வெப்பத்தில் உருகிய மெழுகில் ஊறவைத்துக் கட்டியாக்குதல். அக்கட்டியை 3 முதல் 5 மைக்ரான் தடிப்பில் சீவிக் கண்ணாடித் தகட்டில் ஏற்றி, ஹீமடாக்சிலினால் உட்கருவை நீலமாகவும், இயோசினால் சைட்டோபிளாசத்தை இளஞ்சிவப்பாகவும் நிறமேற்றுவர். இவற்றுக்கே ஓரிரு நாள் ஆகும். அப்புறம் வரிசையில் காத்திருத்தல். ஐயம் எழுந்தால் இன்னும் ஆழமாகச் சீவிப் பார்த்தல். ஆகவே, தாமதத்தைக் கொண்டு எதனையும் கணிக்க முடியாது.

அதன் பின் அம்மா நாள்தோறும் மாலையில், “இன்னிக்கு எதுல இருக்கும்டி?” என்று கேட்பார். “மெழுகுல இருக்கும்மா” என்பேன். உண்மையில் என் கணக்கு வெறும் உத்தேசமே.

சும்மாவும் இருக்கவில்லை. நாளைக்கு எத்தனை துணி மாற்றினார் என்று காலண்டரில் குறித்தோம். ஹீமோகுளோபின் 9 கிராமாக இறங்கியிருந்ததால் மருத்துவர் இரும்புச்சத்து மாத்திரை தந்திருந்தார். தேநீர் அச்சத்தை உறிஞ்சவிடாது என்பதால், எலுமிச்சைச் சாற்றுடன் கொடுத்தேன். ஒரு மணிக்கு ஒரு துணி வீதம் தொடர்ந்து நனைந்தாலோ, தலை சுற்றி விழுந்தாலோ, முடிவுக்குக் காத்திராமல் உடனே வரச் சொல்லியிருந்தார்கள். அந்நிலை வரவில்லை.

பத்தாம் நாள் முடிவு கிடைத்தது. சவ்வு மிகையாக வளர்ந்திருந்தது, ஆயினும் செல்களில் கேடான மாறுதல் இல்லை, புற்றுநோயும் இல்லை. புரோஜெஸ்டிரோன் வகை மாத்திரை தந்து, ஆறு மாதம் கழித்து மீண்டும் திசு எடுக்க வேண்டும் என்றார்கள். அது அடுத்த மாதம். சீசாவை நான்தான் எடுத்துச் செல்ல வேண்டும் என்று அம்மா இப்போதே சொல்லிவிட்டார்.