ஒளியைச் சிறைபிடிக்கும் வெள்ளித் துகள்

நுழையும்முன்

உலோகத் தகடு ஒளியைத் தடுக்கும் என்பது நாம் அறிந்ததே. அதே உலோகம் நுண்துகளாகும்போது ஒளிக்கு வழிகாட்டவும் வல்லது. அப்பண்பைக் கொண்டு மெல்லிய சூரிய மின்கலங்களின் திறனைப் பெருக்க மேற்கொள்ளப்பட்ட முயற்சியை இப்பாடம் விளக்குகிறது.

ஒளியும் மின்சாரமும்

வீட்டுக் கூரைகளிலும் தொடர்வண்டி நிலையங்களிலும் சூரியப் பலகைகளை இன்று இந்தியா முழுவதும் காண்கிறோம். அவற்றுள் பெரும்பாலானவை சிலிக்கான் என்னும் தனிமத்தால் ஆனவை. சூரிய ஒளியைச் சிலிக்கான் உட்கவரும்போது, அதிலுள்ள எலக்ட்ரான்கள் ஆற்றல் பெற்று விடுபடுகின்றன. அவற்றின் ஓட்டமே மின்னோட்டமாகும். உட்கவரப்படாமல் வெளியேறும் ஒளியால் பயன் இல்லை.

தடிமன் தரும் சிக்கல்

வழக்கமான மின்கலத்தில் உள்ள சிலிக்கான் வில்லை ஏறத்தாழ 150 மைக்ரோமீட்டர் தடிமன் உடையது. ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறாக்கினால் ஒரு கூறு ஒரு மைக்ரோமீட்டர் ஆகும். எனவே, வில்லையின் தடிமன் இரண்டு மயிரிழைகளின் தடிமனை ஒத்தது. எனினும், இவ்வில்லையை உருவாக்கச் சிலிக்கானை மிகத் தூய்மையாக்கி, 1,400 பாகை செல்சியசுக்கு மேல் உருக்கிப் படிகமாக வளர்த்தல் வேண்டும். இதற்குப் பொருளும் ஆற்றலும் மிகுதியாகச் செலவாகின்றன.

இச்செலவைக் குறைக்க எழுந்ததே மென்படல மின்கலம். கண்ணாடி போன்ற ஒரு தளத்தின்மேல் ஒன்றிரண்டு மைக்ரோமீட்டர் தடிமனில் சிலிக்கானைப் படியச் செய்தால் போதும். வில்லைக்குத் தேவையான சிலிக்கானில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கே இதற்குச் செலவாகும்.

ஆனால், இங்கு ஒரு சிக்கல் தோன்றுகிறது. நீல ஒளியைச் சிலிக்கான் தன் மேற்பரப்பை அடுத்து அரை மைக்ரோமீட்டர் அளவிலேயே பெரும்பாலும் உட்கவர்ந்துவிடும். சிவப்பு ஒளி அவ்வாறன்று. அது பல மைக்ரோமீட்டர் ஆழம் வரை செல்லும். கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளியில் ஒரு பகுதிக்கு 100 மைக்ரோமீட்டரும் போதாது. ஆகவே, மென்படலம் பொருளை மிச்சப்படுத்தினாலும் ஒளியை இழந்துவிடுகிறது.

தடித்த வில்லையின் மேற்பரப்பில் பல மைக்ரோமீட்டர் உயரமுள்ள நுண்ணிய கூம்பு வடிவங்களைச் செதுக்கி ஒளியை வளைப்பர். கூம்பின் உயரத்தைவிடப் படலமே மெல்லியதாக இருக்கும்போது அவ்வழி பயன்படாது. வேறு வழி தேவைப்பட்டது.

வெள்ளியின் இரு முகங்கள்

வட இந்திய இனிப்புகளின்மேல் ஒட்டப்படும் வெள்ளித்தாளைப் பார்த்திருப்பீர்கள். அது மிக மெல்லியது. ஆயினும் ஒளியை எதிரொளித்துப் பளபளக்கிறது. அதே வெள்ளியை நூறு நானோமீட்டர் அளவுள்ள துகளாக்கினால் அதன் இயல்பு மாறுகிறது. நானோமீட்டர் என்பது மைக்ரோமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஒளியலையின் நீளத்தைவிடச் சிறியதாகிய அத்துகளில் உள்ள கட்டற்ற எலக்ட்ரான்கள், ஒளி பட்டதும் ஒன்றுசேர்ந்து முன்னும் பின்னும் அசைகின்றன. ஊஞ்சலை அதன் தாளத்திற்கு ஏற்பத் தள்ளினால் வீச்சு பெருகுவது போல, தகுந்த நிற ஒளி படும்போது இவ்வசைவு பெருகுகிறது. இக்கூட்டு அசைவைப் பிளாஸ்மான் என்பர். எந்த நிறத்திற்கு அது மிகும் என்பதைத் துகளின் அளவும் வடிவமும் அதனைச் சூழ்ந்த பொருளும் முடிவு செய்கின்றன.

இவ்விந்தையைக் காரணம் அறியாமலே முன்னோர் கையாண்டுள்ளனர். கி.பி. 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த உரோமானியக் கண்ணாடிக் கிண்ணம் ஒன்று இலண்டனில் உள்ள பிரித்தானிய அருங்காட்சியகத்தில் உள்ளது. வெளியிலிருந்து ஒளி பட்டால் பச்சையாகவும், உள்ளிருந்து ஒளி ஊடுருவினால் சிவப்பாகவும் அது தோன்றும். கண்ணாடியில் கலந்துள்ள பொன், வெள்ளி நுண்துகள்களே அதற்குக் காரணம். பொன்னை நுண்துகளாக்கினால் அது செந்நிற நீர்மமாகத் தோன்றுவதை மைக்கேல் பாரடே 1857இல் விளக்கினார்.

குறுகிய தெருவில் நீண்ட பயணம்

மென்படலத்தின்மேல் படிந்த வெள்ளித் துகள் தன்மீது படும் ஒளியைப் பல திசைகளிலும் சிதறடிக்கிறது. அவ்வொளியில் பெரும்பகுதி சிலிக்கானுக்குள் சாய்வாகப் புகுகிறது. குறுகிய தெருவைக் குறுக்கே கடப்பவர் நான்கடியில் கடந்துவிடுவார். தெருவின் நீளவாக்கில் நடப்பவர் நெடுந்தொலைவு செல்வார். சாய்வாகச் செல்லும் ஒளியும் அவ்வாறே. படலத்தின் விளிம்பில் முழு அக எதிரொளிப்பு அடைந்து, மீண்டும் மீண்டும் உள்ளே திரும்பி, இறுதியில் உட்கவரப்படுகிறது.

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் சுப்ரியா பிள்ளை, கைலி கேட்ச்போல் முதலியோர் இதனைச் சோதித்து 2007இல் முடிவுகளை வெளியிட்டனர். அவர்கள் மிக மெல்லிய வெள்ளிப் படலத்தை மின்கலத்தின்மேல் படியச் செய்து, 200 பாகை செல்சியசு வெப்பத்தில் சூடேற்றினர். தாமரை இலைமேல் நீர் முத்து முத்தாகத் திரள்வது போல, அப்படலம் தனித்தனித் துகள்களாகத் திரண்டது. 1.25 மைக்ரோமீட்டர் தடிமனுள்ள சிலிக்கான் கலத்தில், ஒளியால் உண்டாகும் மின்னோட்டம் 33 விழுக்காடு உயர்ந்தது. 1,050 நானோமீட்டர் அலைநீளமுள்ள அகச்சிவப்பு ஒளியில் மட்டும் அது 16 மடங்கு ஆயிற்று. முன்பு பெரும்பாலும் வீணாகிய ஒளி அது என்பதை நினைவிற் கொள்க.

அளவும் இடமும்

துகளைத் தூவினாலே பயன் கிட்டிவிடும் எனக் கருதலாகாது. துகள் மிகச் சிறிதாயின் ஒளியைச் சிதறடிக்காமல் தானே உட்கவர்ந்து வெப்பமாக்கிவிடும். கலத்தின் முன்புறத்தில் அமைந்தால் நீல ஒளியில் ஒரு பகுதி குறையவும் கூடும். பின்புறத்தில் வைத்தால் இக்குறை நேராது. ஏனெனில், நீல ஒளி முன்னரே உட்கவரப்பட்டிருக்கும். தப்பிச் செல்ல முயலும் சிவப்பும் அகச்சிவப்புமே அங்கு வந்து சேரும். வெள்ளி விலை மிக்கது. காற்றில் கறுக்கவும் செய்யும். எனவே, அலுமினியத் துகள்களையும் ஆய்வாளர் சோதித்துள்ளனர்.

இன்றும் சந்தையில் தடித்த சிலிக்கான் பலகைகளே மிகுதி. எனினும், கனமான பலகையைத் தாங்க இயலாத கூரைகளுக்கு மெல்லிய, எடை குறைந்த கலங்கள் தேவைப்படுகின்றன. குறைந்த பொருளில் நிறைந்த ஒளியைப் பெறுவதே இவ்வாய்வின் நோக்கம். அந்நோக்கத்தை எய்துவது துகளின் அளவையும் அது அமையும் இடத்தையும் அறிந்து தேர்வதைப் பொறுத்தது.

கலைச்சொற்கள்

மென்படலம் – ஒரு தளத்தின்மேல் படிந்த மிக மெல்லிய அடுக்கு
உட்கவர்தல் – உள்வாங்கித் தன்னுள் கொள்ளுதல்
சிதறல் – ஒளி பல திசைகளிலும் பரவுதல்
விழுக்காடு – நூற்றுக்கு இத்தனை என்னும் அளவு

வினாக்கள்

1. மென்படல மின்கலத்தின் நன்மை ஒன்றையும் குறை ஒன்றையும் எழுதுக.
2. தெருவைக் கடப்பவர் உவமை எக்கருத்தை விளக்குகிறது?
3. துகள்களைக் கலத்தின் பின்புறம் வைப்பது ஏன் சிறந்தது?

மொழிப்பயிற்சி

பிரித்து எழுதுக: மென்படலம், செந்நிறம், நுண்துகள்.
(எடுத்துக்காட்டு: பெருநகரம் = பெருமை + நகரம்)

செயல்பாடு

இருண்ட அறையில் ஒரு கண்ணாடிக் குவளை நீரின் பக்கவாட்டில் கைவிளக்கின் ஒளியைப் பாய்ச்சுக. பின்னர் இரண்டு துளி பால் கலந்து மீண்டும் பாய்ச்சுக. கண்ட வேறுபாட்டையும் அதன் காரணத்தையும் ஐந்து வரிகளில் எழுதி, வீட்டில் உள்ள பெரியோர்க்குத் தமிழில் விளக்குக.