சின்ன மில்லிங் மெஷினை சிஎன்சி ஆக்கலாமா?

கேள்வி: சீனத் தயாரிப்பான சீக் எக்ஸ்2 மில்லிங் மெஷின் ஒன்று பழையதாக விலைக்கு வருகிறது. வாங்கி சிஎன்சி-ஆக மாற்றலாமா?
— வாசகர், கோவை

பதில்: மாற்றலாம். ஆனால் மோட்டார், கன்ட்ரோலர் பற்றிய யோசனையைத் தள்ளிவைத்து, முதலில் வார்ப்பிரும்பைப் பாருங்கள். மற்றதெல்லாம் பிறகு மாற்றக்கூடியவை.

டயல் கேஜை ஸ்பிண்டிலில் பொருத்தி, கையால் சுற்றி, டேபிளின் நான்கு புறமும் தொடவையுங்கள். ஸ்பிண்டில் டேபிளுக்குச் செங்குத்தாக இருக்கிறதா என்று தெரியும். எக்ஸ்2-வில் தூண் சாயும் அமைப்பு. அதனால் உறுதி குறைவு. தலையைக் கையால் அழுத்தும்போதே முள் நகர்ந்தால் எஃகு வெட்டுவதை மறந்துவிடுங்கள், அலுமினியத்துக்குச் சரி.

அடுத்து, டேபிளின் கைச்சக்கரத்தை எதிர்ப்பக்கம் திருப்புங்கள். டேபிள் அசையும் முன் சக்கரம் வெறுமனே சுற்றும் அளவே பேக்லாஷ். சாஃப்ட்வேரில் அதை ஓரளவு ஈடுகட்டலாம். ஆனால் கட்டர் டேபிளைத் தன் பக்கம் இழுக்கும்போது அது பலிக்காது. பேக்லாஷ் மிகக் குறைந்த பால் ஸ்க்ரூதான் தீர்வு. நடுவில் லூசாகவும் ஓரங்களில் இறுக்கமாகவும் டேபிள் ஓடினால், ஸ்லைடு தேய்ந்திருக்கிறது, அந்த மெஷினை விட்டுவிடுங்கள்.

எக்ஸ்2-வில் தலையை ஏற்றி இறக்குவது பல்சட்டமும் பினியனும். அங்கும் பால் ஸ்க்ரூ போட வேண்டும். அந்தச் செலவையும் சேர்த்து விலை பேசுங்கள்.