மழைக்காலத்து இல்லறம்: அடுக்களையும் அலங்காரமும்



ஆஷாட மாதத்து வளர்பிறையின் இறுதியில் தொடங்கிக் கார்த்திகையில் நிறைவுறும் நான்கு திங்களைச் சாதுர்மாஸ்யம் என்கிறோம். தமிழ்த் திங்கள்களில் இது ஏறக்குறைய ஆடி முதல் ஐப்பசி வரையிலான காலம். முனிவர்கள் இந்நாள்களில் ஓரூரில் தங்குவர். மழையால் மண்ணில் புல்லும் பூச்சியும் பெருகுகின்றன. நடந்தால் அவை மிதிபடும். ஆதலின் அவர்கள் நடையை நிறுத்துகின்றனர்.

முனிவர் தம் நடையைச் சுருக்கிக்கொள்ளும் காலத்தில் இல்லறத்தார் எதைச் சுருக்கிக்கொள்வது? இவ்வினாவிற்கு விடை ஆலயத்தில் மட்டும் இல்லை. அது நம் அடுக்களையிலும் வாயிற்படியிலும் இருக்கிறது. அவ்விரண்டையும் பற்றியதே இப்பாடம்.

இதனை எழுதத் தூண்டியது ஒரு சிறு நிகழ்ச்சி. ஒரு தீபாவளியின் மறுநாட் காலையில் நம் இல்லத்துத் திண்ணையைப் பெருக்கினோம். முன்னாள் மாலை மழை விட்டிருந்தது. வரிசையாக வைத்த அகல்களைச் சுற்றிலும் ஈசல்கள் எண்ணெயில் ஊறியும் சிறகு கருகியும் குவிந்து கிடந்தன. முறத்தில் அள்ளினோம். அருகில் நின்ற குழந்தை, "மகாவீரருக்காகத்தானே விளக்கு வைத்தோம்? இவையெல்லாம் ஏன் செத்தன?" என்று கேட்டது. அப்பொழுது நம்மிடம் விடை இல்லை. பிள்ளைகளுக்கு அகிம்சையைச் சொற்களால் கற்பிக்கும் நாம், பண்டிகை நாளில் செயலால் வேறொன்றைக் கற்பித்துவிட்டோமோ என்னும் கவலை மட்டும் எஞ்சியது.

1. தண்ணீரும் மாவும்

மழைக்காலத்து அடுக்களையின் முதற்பாடம் தண்ணீர். தூய பருத்தித் துணியை இரண்டாக மடித்து வடிகட்டிய நீரை ஒரு முகூர்த்தம், அதாவது இரண்டு நாழிகை பயன்படுத்தலாம் என்பது மரபு. இன்றைய கணக்கில் இது 48 நிமிடம். கொதிக்கக் காய்ச்சிய நீருக்கு 24 மணி நேரம். வடிகட்டியபின் துணியைப் பிழிந்து உதறிவிடுதல் கூடாது. வடிகட்டிய நீரையே அதன்மேல் மெல்ல ஊற்றி, துணியில் தங்கிய உயிர்களை நீர் எடுத்த இடத்திலேயே சேர்க்க வேண்டும். கிணறாயின் வாளியைத் தாழ இறக்கிக் கவிழ்ப்பது முறை. வடிகட்டுதலின் நோக்கம் நம் உடல்நலம் மட்டுமன்று, அவ்வுயிர்களின் நலமுமாகும். இவ்வொரு செயலைக் குழந்தையின் கையில் கொடுத்துச் செய்யச் சொன்னால் போதும்; நீண்ட சொற்பொழிவு வேண்டுவதில்லை.

அடுத்தது மாவு. அரைத்த மாவைக் குளிர்காலத்தில் 7 நாளும், கோடையில் 5 நாளும், மழைக்காலத்தில் 3 நாளுமே வைத்துக்கொள்ளலாம் என்று நம் முன்னோர் வரையறுத்தனர். காரணம் எளிது. காற்றில் ஈரம் மிகும்போது மாவில் பூஞ்சையும் வண்டும் விரைவில் தோன்றும். தோன்றியபின் சலித்து எறிந்தால் அவை அழியும். தோன்றாதபடி சிறிது சிறிதாக அரைத்துக்கொள்வதே அறம். மாதத்திற்கு ஒருமுறை பெரிய தூக்கில் அரைத்து வைக்கும் வழக்கத்தை இந்நான்கு திங்களிலேனும் நிறுத்தலாம். குளிர்ப்பெட்டி இருக்கிறதே என்பார்க்கு ஒரு சொல்: அது பொருள் கெடும் காலத்தைத் தள்ளிப்போடுகிறது, வேண்டிய அளவே ஆக்கும் பழக்கத்தை அது நமக்குத் தருவதில்லை.

2. காலத்திற்கேற்ற காய்கள்

மழைநாளில் கீரையைத் தவிர்க்கிறோம். இலையின் அடியில் ஒட்டிய முட்டைகளும் புழுக்களும் கண்ணுக்கு எளிதில் புலப்படா. பூக்கோசு, முட்டைகோசு ஆகியவற்றின் மடிப்புகளும் அத்தகையவே. கிழங்கு வகைகளை எக்காலத்தும் விலக்குவோர் நம்முள் உளர். ஏனையோர் இந்நான்கு திங்களிலேனும் விலக்கிப் பார்க்கலாம். இவ்வளவையும் நீக்கினால் உண்ண என்ன இருக்கிறது என்று இளையோர் கேட்பர். புடலை, பீர்க்கு, சுரை, பூசணி, அவரை, கொத்தவரை, வாழைக்காய் எல்லாம் இருக்கின்றன. கொடியில் காய்ப்பவை பலவும் மழையை ஒட்டியே செழிக்கின்றன. இவற்றை நறுக்குமுன் பிளந்து பார்த்தல் வேண்டும். புழு இருப்பின் அக்காய்த் துண்டோடு நிழலான இடத்தில் விட்டுவிடலாம்.

சித்திரை, வைகாசி வெயிலில் உலர்த்திய கொத்தவரை வற்றலும் சுண்டை வற்றலும் இப்போது கைகொடுக்கும். ஈரமற்ற சாடியில் அவற்றை இட்டு, வெயில் கண்ட நாளில் ஒருமுறை உலர்த்தி எடுத்தல் நன்று. இஞ்சியை விலக்குவோர்க்குச் சுக்கு உண்டு.

எளிய மாலையுணவு ஒன்றைக் கூறுவோம். பச்சரிசி 2 ஆழாக்கு, துவரம்பருப்பு அரை ஆழாக்கு, கடலைப்பருப்பு அரை ஆழாக்கு ஆகியவற்றைக் களைந்து 2 மணி நேரம் ஊறவைக்கவும். காய்ந்த மிளகாய் நான்கு, சுக்கு ஒரு துண்டு, உப்பு சேர்த்துக் கரகரப்பாக அரைக்கவும். மிளகு, சீரகம், தேங்காய்த் துருவல் கலந்து உடனே அடையாக வார்க்கவும். வெங்காயம் வேண்டுவதில்லை. இரவெல்லாம் புளிக்க வைக்க வேண்டாத மாவு இது. அன்றே அரைத்து அன்றே முடிந்துவிடும். உடன் பீர்க்கங்காய்க் கூட்டு ஒன்றிருந்தால் ஒரு குடும்பத்தின் மாலை நிறைவுறும்.

3. கதிரவன் மறையுமுன்

இரவுண்ணாமை நம் குலத்தின் அடையாளம். எனினும் இன்று அதைக் கடைப்பிடித்தல் எளிதன்று என்பதை ஒளிக்க வேண்டியதில்லை. நம் பகுதியில் ஆடியில் கதிரவன் மறைய ஆறரை மணிக்கு மேலாகும். ஐப்பசி இறுதியிலோ ஐந்தே முக்காலுக்கே மறைகிறான். மறைவதற்கு ஒரு முகூர்த்தம் முன்பே உண்டு முடித்தல் சிறப்பு எனின், ஐந்து மணிக்கு உண்டாக வேண்டும். அலுவலகத்திலிருந்தும் கல்லூரியிலிருந்தும் அந்நேரத்தில் எவர் வீடு திரும்ப இயலும்?

இங்கே இரண்டு பிழைகள் நேர்கின்றன. முழுமையாக இயலாதென்று முற்றிலும் கைவிடுதல் ஒன்று. வீட்டிலிருக்கும் முதியோரும் பெண்டிரும் கடைப்பிடித்தால் போதுமென்று அவர்மேல் அறத்தைச் சுமத்திவிடுதல் மற்றொன்று. பகலில் உண்டு முடித்த தாய், இரவு எட்டு மணிக்கு வரும் மகனுக்காக மீண்டும் அடுப்பை மூட்டுகிறாள். விளக்கொளியில் பூச்சி வந்து விழுவது அப்போதுதான். அவள் விரதம் காத்தாள்; ஆனால் அவ்வில்லம் காக்கவில்லை.

நாம் கண்ட வழி இது. காலையிலேயே இரு வேளைக்கும் உரிய உணவைக் கட்டிக் கொடுத்துவிடலாம். முன்சொன்ன அடையும், அவலும், கடலையும் மாலைவரை தாங்கும். பணியிடத்தில் ஐந்து மணிக்குப் பத்து நிமிடம் ஒதுக்குதல் பலர்க்கு இயலும். வீடு திரும்பியபின் காய்ச்சிய நீர் மட்டும் என்று முதலில் வரம்பு கட்டிக்கொள்ளலாம். நாள்தோறும் இயலாதோர் அட்டமி, சதுர்த்தசி நாள்களிலும், தசலட்சண பர்வத்தின் பத்து நாள்களிலும் தொடங்கலாம். ஆடவரும் பாத்திரம் தேய்க்கக் கை கொடுத்தால், ஆறு மணிக்கு அடுப்பணைந்த வீடு எவ்வளவு அமைதியானது என்பதைத் தாமே உணர்வர்.

4. வாயிலும் கோலமும் தோரணமும்

அரிசிமாக் கோலம் எறும்புக்கு உணவு என்று பெருமையாகச் சொல்கிறோம். சொல்லியபின் அக்கோலத்தின்மேல் நடக்கிறோம், வண்டியையும் ஏற்றுகிறோம். உணவு தேடி வந்த எறும்புகள் மிதிபடுகின்றன. அழைத்துக் கொன்ற குற்றம் நம்மைச் சேராதா? ஆதலின், ஆள் நடமாடும் வாயிலில் கல்மாவினால் இடலாம். அரிசிமாக் கோலத்தை மாடத்தின் அடியிலோ துளசி, செம்பருத்திச் செடியின் அருகிலோ ஒதுக்கமாக இடலாம். எறும்பும் உண்ணும், எவர் காலும் படாது.

மாவிலை பறிக்குமுன் கிளையை நிமிர்ந்து பார்த்தல் வேண்டும். முசுறுகள் இலைகளைச் சேர்த்துப் பின்னிக் கூடு கட்டியிருக்கும். அக்கிளையை ஒடித்தால் ஒரு குடியையே கலைத்தவராவோம். வேண்டும் ஒன்பது இலைகளுக்காகக் கொப்பை முறிக்க வேண்டா. உதிர்ந்த பவழமல்லியைத் தட்டில் பரப்பி, நடுவில் நீர் நிறைந்த செம்பை வைத்தாலே கூடம் பொலிவு பெறும். செம்பின் வாயை மூடி வைக்க, பூச்சி விழாது.

மணைப்பலகையில் அரிசியால் சுவத்திகம் இடுதல் சிறுவர்க்கு ஏற்ற அலங்காரம், பாடமும் ஆகும். நான்கு கைகள் தேவ, மனித, விலங்கு, நரக கதிகளைக் குறிக்கும். மேலுள்ள மூன்று புள்ளிகள் நற்காட்சி, நன்ஞானம், நல்லொழுக்கம் ஆகிய மும்மணிகள். அதற்கும் மேலுள்ள பிறையும் புள்ளியும் சித்தர்கள் உறையும் இடத்தைக் காட்டுவன. இடும்போதே பொருளைச் சொல்லிக்கொடுத்தால் அது மறவாது.

5. தீபாவளி விளக்கு

வர்த்தமான மகாவீரர் பாவாபுரியில் வீடுபேறு எய்தியது சதுர்த்தசி இரவு கழிந்து அமாவாசை விடியும் வேளையில். கி.மு. 527ஆம் ஆண்டு என்பது மரபுக் கணக்கு. மறுநாள் முதல் வீரநிர்வாண ஆண்டு எண்ணப்படுகிறது. அன்று பாவாபுரியில் விளக்கேற்றியதையும், அதனைப் பின்பற்றி மக்கள் ஆண்டுதோறும் கொண்டாடுவதையும் கி.பி. 783இல் ஜினசேனர் இயற்றிய ஹரிவம்ச புராணம் குறிப்பிடுகிறது. எனவே விளக்கு நமக்கு அயலானதன்று. ஞானத்தின் ஒளிக்கு அடையாளமாகவே ஏற்றுகிறோம்.

ஆயின் நம் நாட்டில் ஐப்பசி வடகிழக்குப் பருவமழையின் காலம். மழை விட்ட மாலையில் ஈசல் புறப்படும். திறந்த அகல் வரிசை அவற்றிற்குப் பொறியாகிவிடுகிறது. விளக்கை விடவும் வேண்டா. உயிரை விடச் செய்யவும் வேண்டா. நாம் கைக்கொண்ட முறை வருமாறு: வீடுபேற்றுப் பூசை விடியலில் நிகழ்வதால் விளக்கையும் விடியலில் ஏற்றுகிறோம். மாலையில் ஓர் அகல் மட்டும், கண்ணாடிக் கூண்டினுள், மேற்புறம் மெல்லிய கம்பிவலை மூடி வைக்கிறோம். ஈசல் பறக்கும் நாளில் அதையும் கூடத்தினுள் வைத்துச் சன்னலைச் சாத்துகிறோம். மின்சரம் கட்டுவோர் வெண்ணிற ஒளியைத் தவிர்த்து மஞ்சள் ஒளியைக் கொள்க. பூச்சிகள் அதை அவ்வளவாக நாடா. வெடியைப் பற்றிச் சொல்ல வேண்டுவதில்லை. அபயதானம் செய்ய வேண்டிய நாளில் பறவையையும் நாயையும் அஞ்ச வைத்தல் பொருந்துமா?

அன்றைய படையலுக்கு எளிய உருண்டை: பயத்தம்பருப்பு ஓர் ஆழாக்கைப் பொன்னிறமாக வறுத்து அரைத்துச் சலிக்கவும். சர்க்கரை ஓர் ஆழாக்கைப் பொடித்து, ஏலக்காயுடன் கலக்கவும். உருக்கிய நெய் அரை ஆழாக்கு வரை சிறிது சிறிதாக விட்டு, சூட்டோடு உருட்டவும். நீர் சேராததால் இது விரைவில் கெடாது. எனினும் மூன்று நாளில் தீரும் அளவே செய்க. படைத்தது போக அண்டை வீட்டார்க்கும் பணியாளர்க்கும் கொடுத்தால் அதுவும் ஆகாரதானமே.

சிறார்க்குச் சில வினாக்கள்

1. மழைக்காலத்தில் முனிவர்கள் ஓரிடத்தில் தங்குவது ஏன்?
2. வடிகட்டிய துணியில் தங்கிய உயிர்களை என்ன செய்ய வேண்டும்?
3. மூன்று பருவங்களிலும் மாவிற்குரிய நாள் வரம்பு யாது?
4. சுவத்திகத்தின் மூன்று புள்ளிகள் எவற்றைக் குறிக்கும்?
5. நம் வீட்டு வாயிலில் எறும்பு மிதிபடாமலிருக்க நீ என்ன செய்வாய்?

ஐந்தாம் வினாவிற்குப் பெற்றோர் விடை சொல்லற்க. குழந்தையே வாயிலுக்குச் சென்று பார்த்துச் சொல்லட்டும்.

அடுத்த ஆண்டு அத்திண்ணையை நாம் மீண்டும் பெருக்கினோம். முறத்தில் மண்ணும் சருகும் மட்டுமே இருந்தன. குழந்தை குனிந்து பார்த்துவிட்டு விளையாடச் சென்றது. கேள்வி எதுவும் கேட்கவில்லை.

வாழ்க அகிம்சை! வளர்க நல்லறம்!