காரணம் நீங்கினால் சலுகையும் நீங்கும்

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலைக்குக் காரவள்ளி அடிவாரத்திலிருந்து ஏறும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. பெருநாள் விடுமுறையிலும் பள்ளிக்கூட விடுமுறையிலும் நம்மவர்கள் பலர் குடும்பத்தோடு அங்கே போய் வருகிறார்கள். போகுமுன் மார்க்கப் பேணுதலுள்ளவர்கள் ஆலிம்களிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "ஹஜ்ரத், அங்கே தொழுகையைக் கஸ்ராகத் தொழலாமா?"

நாமக்கல்லிலிருந்து போகிறவருக்கு ஒரு பதில். சென்னையிலிருந்து போகிறவருக்கு வேறு பதில். ஹனஃபீ, ஷாஃபிஈ ஆகிய இரு மத்ஹபுகளின் ஆலிம்களும் கஸ்ருக்குச் சொல்லும் தூரம் இன்றைய கணக்கில் ஏறக்குறைய 80 கிலோமீட்டர். நாமக்கல்காரருக்கு மலை அந்தத் தூரத்துக்குள் அடங்கிவிடுகிறது. ஆகவே அவர் நான்கு ரகஅத்தை நான்காகவே தொழ வேண்டும். சென்னைக்காரருக்கோ கஸ்ர் உண்டு. ஆனால் அவரும் தம் ஊர் எல்லைக்குள் திரும்பி நுழைந்ததும் அந்தச் சலுகை முடிந்துவிடுகிறது. "மலையில் இரண்டு ரகஅத் தொழுது பழகிவிட்டேன், வீட்டிலும் இரண்டே தொழுகிறேன்" என்று ஒருவர் சொன்னால் நாம் என்ன சொல்வோம்? "பாய், பயணம் முடிந்துவிட்டது, முழுமையாகத் தொழுங்கள்" என்றுதானே சொல்வோம்!

கொரோனாக் காலம் நம் சமுதாயம் முழுவதும் ஒன்றாக மேற்கொண்ட ஒரு பயணத்தைப் போன்றது. உலக சுகாதார நிறுவனம் 2020 மார்ச் 11 அன்று அதை உலகளாவிய கொள்ளைநோய் என்று அறிவித்தது. 2023 மே 5 அன்று அவசரநிலை முடிந்ததென்றும் அதுவே அறிவித்துவிட்டது. பயணம் முடிந்து ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆனால் நம்மில் பலர் இன்னும் வீடு திரும்பவில்லை. அக்காலச் சலுகைகளைக் கையில் வைத்துக்கொண்டோம். அக்காலப் பாடங்களை வழியிலேயே போட்டுவிட்டோம். இதைப் பற்றித்தான் இங்கே சிந்திக்கப் போகிறோம்.

அஸீமத்தும் ருக்ஸத்தும்

மார்க்கச் சட்டங்களில் அஸீமத் என்பது அசல் சட்டம். ருக்ஸத் என்பது இடையூறு கண்டு அல்லாஹ் தன் கருணையால் அளித்த சலுகை. நிற்க முடியாதவர் உட்கார்ந்து தொழுகிறார். நோயாளி நோன்பை விட்டுப் பின்னர் களாச் செய்கிறார். தண்ணீர் கிடைக்காதவர் தயம்மும் செய்கிறார். சலுகையை ஏற்பது ஈமானின் குறைவு அன்று. அதுவும் அல்லாஹ்வின் கட்டளைக்குப் பணிவதே ஆகும்.

ஆயினும் தண்ணீர் கிடைத்த மறுகணம் தயம்மும் முறிந்துவிடுகிறது. ஒரு காரணத்துக்காக ஆகுமாக்கப்பட்டது அந்தக் காரணம் நீங்கியதும் இல்லாமற்போகும் என்பது ஃபிக்ஹு அறிஞர்கள் வகுத்த பொது விதி. உதுமானியப் பேரரசில் 1869 முதல் 1876 வரை தொகுக்கப்பட்ட மஜல்லா சட்டத் தொகுப்பின் முற்பகுதியிலேயே இவ்விதி இடம்பெற்றுள்ளது.

இதற்கு முன்மாதிரி ஸஹாபாக்களின் வாழ்விலேயே இருக்கிறது. பெருமழை பெய்து சேறாகிக் கிடந்த ஒரு ஜும்ஆ நாளில் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள், மக்கள் தம் வீடுகளிலேயே தொழுதுகொள்ளுமாறு பாங்கில் அறிவிக்கச் சொன்னார்கள். தம்மினும் சிறந்த நபி (ஸல்) அவர்களே இப்படிச் செய்திருக்கிறார்கள் என்றும் விளக்கினார்கள். 2020 மார்ச்சில் குவைத் நாட்டுப் பள்ளிவாசல்களில் அந்த வாசகம் பாங்கொலியில் சேர்ந்து கேட்டபோது உலக முஸ்லிம்களின் கண்கள் கலங்கின. ஆனால் மழை விட்டுச் சேறு காய்ந்த பிறகும் அந்த அறிவிப்பு தொடர்ந்ததாக எந்த ஹதீஸிலும் இல்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

மலைக்குப் போன மக்கள்

ஹிஜ்ரி 18ஆம் ஆண்டளவில் ஷாம் நாட்டில் அம்வாஸ் என்னும் ஊரை முதலாகக் கொண்டு தாஊன் எனும் கொள்ளைநோய் பரவியது. ஷாமை நோக்கி வந்த கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஸர்க் என்ற இடத்தில் செய்தியறிந்து, கலந்தாலோசித்துத் திரும்பிவிடத் தீர்மானித்தார்கள். அல்லாஹ்வின் விதியிலிருந்து ஓடுகிறீர்களா என்று அபூ உபைதா (ரலி) அவர்கள் கேட்டபோது, அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனுடைய மற்றொரு விதிக்கே செல்கிறோம் என்ற கருத்தில் பதிலளித்தார்கள். நோய் பரவிய ஊருக்குள் போகவும் வேண்டாம், அங்கிருப்பவர் அதற்கு அஞ்சி வெளியேறவும் வேண்டாம் என்று நபி (ஸல்) அவர்கள் சொல்லியிருப்பதை அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள் அப்போது எடுத்துரைத்தார்கள்.

அந்நோயில் அபூ உபைதா (ரலி) அவர்களும், அவர்களுக்குப் பின் முஆத் இப்னு ஜபல் (ரலி) அவர்களும் வஃபாத்தானார்கள். அடுத்துப் பொறுப்பேற்ற அம்ரு இப்னுல் ஆஸ் (ரலி) அவர்கள், இந்நோய் நெருப்பைப் போல் பற்றுகிறது, நீங்கள் மலைகளில் பிரிந்து தங்குங்கள் என்று மக்களுக்குச் சொன்னார்கள். அல்லாஹ் நோயை நீக்கும் வரை மக்கள் அப்படியே பிரிந்திருந்தார்கள். 'நீக்கும் வரை' என்பதுதான் அதன் எல்லை. மலையில் தங்கியது சலுகை. அதையே நிரந்தரக் குடியிருப்பாக்க வேண்டுமென்று யாரும் சொல்லவில்லை.

நம் நாட்டில் நடந்தது

2020 மார்ச் 24 மாலை தமிழகத்தில் பேருந்துகள் நின்றன. அந்த மாதமே பள்ளிவாசல்கள் பொதுமக்களுக்கு மூடப்பட்டன. அவ்வாண்டு ரமளானில் பள்ளியில் தராவீஹ் இல்லை. நோன்புக் கஞ்சிக்காக அரசு தரும் அரிசி கஞ்சியாகக் காய்ச்சப்படாமல் அரிசியாகவே வீடுகளுக்குப் பகிரப்பட்டது. பெருநாள் தொழுகையையும் வீட்டிலேயே தொழுதோம். மாவட்டம் விட்டு மாவட்டம் போக இ-பாஸ் வேண்டியிருந்தது. ஹஜ்ஜுக்கு ஸவூதி அரேபியாவில் இருந்தவர்களில் ஏறக்குறைய ஆயிரம் பேரே அனுமதிக்கப்பட்டார்கள்.

அவ்வாண்டு செப்டம்பர் 1 அன்று தமிழகமெங்கும் வழிபாட்டுத் தலங்கள் திறந்தன. 2021 ஏப்ரல் 26 முதல் இரண்டாம் அலையால் மீண்டும் மூடப்பட்டு, ஜூலை 5 அன்று திறந்தன. ஆகஸ்டில் வெள்ளி, சனி, ஞாயிறு நாட்களில் அடைக்கச் சொன்னதால் ஜும்ஆவுக்கு வழியில்லாமற்போயிற்று. அக்டோபரில் அத்தடையும் நீங்கியது. 2022 மார்ச்சில் மக்கா ஹரம் ஷரீஃபிலேயே இடைவெளி நீக்கப்பட்டு ஸஃப்புகள் நெருங்கி நின்றன.

திரும்பி வரவேண்டியவை

முதலாவது, ஜமாஅத். கடை திறந்தது, கல்யாண மண்டபம் நிரம்பியது, கொல்லிமலை வளைவுகளில் வண்டிகள் வரிசையாக நிற்கின்றன. பள்ளியின் ஸஃப்பு மட்டும் சில ஊர்களில் பழைய நிலைக்கு வரவில்லை. வீட்டில் தொழுது பழகியவர்கள் அப்படியே தங்கிவிட்டார்கள். ஆகாய கங்கை அருவி வரை நூற்றுக்கணக்கான படிகள் இறங்கி ஏறும் கால்களுக்குத் தெருமுனைப் பள்ளிவாசல் தூரமாகிவிட்டதா? முதியவர், எதிர்ப்புச் சக்தி குன்றியவர், தொற்றக்கூடிய நோயுள்ளவர் ஆகியோருக்கு இன்றும் உள்ரு உண்டு. அவர்களை யாரும் குறை சொல்ல வேண்டாம். மற்றவர்களுக்குக் காரணம் நீங்கிவிட்டது.

இரண்டாவது, நோயாளியை நலம் விசாரிப்பது. இது ஒரு முஸ்லிமுக்கு மற்றொரு முஸ்லிம் மீதுள்ள உரிமை. அன்று தொலைபேசியில் விசாரித்ததற்கு நியாயம் இருந்தது. இன்று அடுத்த தெருவில் படுத்திருப்பவருக்கும் செல்போனில் இரண்டு வரி அனுப்பிவிட்டுக் கடமை முடிந்ததாக எண்ணுவது சரியா?

மூன்றாவது, ஜனாஸா. அன்று சிலர் மட்டுமே நின்று அடக்கம் செய்தார்கள். இன்று கூட்டம் வருகிறது. தொழுகை முடிந்ததும் வாசலிலேயே கலைந்துவிடுகிறது. கபுருஸ்தான் வரை சென்று மண் போடுபவர் குறைந்துவருவது நல்லதன்று.

கைவிடக் கூடாதவை

இனி, அக்காலம் நமக்குக் கற்றுத் தந்து, நாம் தொடர வேண்டியவற்றைப் பார்ப்போம்.

நோயுள்ளவர் ஒதுங்கியிருப்பது முதலாவது. பச்சைப் பூண்டு தின்றவர் பள்ளிக்கு வரவேண்டாம் என்று நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். வாடைக்கே இச்சட்டம் என்றால், காய்ச்சலும் இருமலும் உள்ளவர் ஸஃப்பில் நெருங்கி நிற்பது எப்படிப் பொருந்தும்? தும்மும்போது முகத்தை மூடுவதும், தூங்கி எழுந்ததும் கையைக் கழுவுவதும் நமக்குப் புதியவை அல்ல, அவை சுன்னத்துகள். நோயுற்ற ஒட்டகங்களை நலமான ஒட்டகங்களோடு சேர்க்க வேண்டாம் என்பதும் நபிமொழியே. கொல்லிமலையில் வாழ்பவர்கள் பெரும்பாலும் மலையாளிப் பழங்குடி மக்கள். கடும் நோய் என்றால் அவர்கள் அத்தனை வளைவுகளையும் கடந்து மலையிறங்கித்தான் பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். காய்ச்சலோடு உல்லாசப் பயணம் போய், அங்கே நமக்குச் சோறு போடும் கடைக்காரருக்கும் வழிகாட்டும் சிறுவனுக்கும் நோயைக் கொடுத்துவிட்டு வருவது ஹக்குல் இபாத் சம்பந்தப்பட்ட குற்றமாகும். அவர் முஸ்லிமா இல்லையா என்பது இங்கே கேள்வியே அல்ல.

எளிய நிக்காஹ் இரண்டாவது. 50 பேருக்கு மேல் கூடக் கூடாது என்ற கட்டுப்பாட்டில் எத்தனையோ திருமணங்கள் நடந்தன. வலி, சாட்சிகள், மஹர், ஈஜாபு, கபூல் எல்லாம் நிறைவேறின. அந்தத் திருமணங்களில் எது செல்லாமற்போயிற்று? அப்படியிருக்க, இன்று மறுபடியும் கடன் வாங்கி மண்டபம், கடன் வாங்கி விருந்து, அதற்குமேல் கைக்கூலி! குமர்களைப் பெற்றவர்கள் கண்ணீர் வடிக்கிறார்கள். கட்டாயத்தினால் கைவந்த எளிமையை விருப்பத்தோடு தொடர்ந்திருந்தால் எத்தனை வீடுகளில் விளக்கெரிந்திருக்கும்!

வீட்டு இபாதத் மூன்றாவது. வீடுகளைக் கபுருகளைப் போல் ஆக்கிவிட வேண்டாம் என்பது நபிமொழியின் கருத்து. அந்த ரமளானில் தந்தை இமாமாக நிற்க, மனைவி மக்கள் பின்னே நின்று தொழுதார்கள். ஃபர்ளு பள்ளிக்குத் திரும்பட்டும். நஃபிலும் குர்ஆன் ஓதலும் வீட்டில் நிலைக்கட்டும்.

பைத்துல்மால் நான்காவது. கொல்லிமலை மக்கள் சாமை, தினை, கேழ்வரகு விளைவித்து வந்தவர்கள். ஜவ்வரிசி ஆலைகளுக்காக மரவள்ளி பெருகியபோது சிறுதானியம் குறைந்தது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் துணையோடு அங்கே கிராம விதை வங்கிகள் அமைந்தன. ஒருவர் வாங்கிச் சென்ற விதையை அறுவடைக்குப் பின் திருப்பிச் சேர்ப்பார். அது அடுத்தவருக்குப் பயன்படும். ஒவ்வொரு மஹல்லாவிலும் வட்டியில்லாக் கடனுக்கு இப்படி ஒரு நிதி இருந்திருந்தால், ஊரடங்கில் தினக்கூலிக்காரர் கந்துவட்டிக்காரனிடம் போயிருக்கமாட்டார். யூசுஃப் (அலை) அவர்கள் பஞ்சம் வருமுன்னரே கதிரோடு தானியத்தைச் சேமிக்கச் சொன்ன வரலாறு நமக்கு எதற்காகச் சொல்லப்பட்டது?

ஆதரவற்றவர் ஐந்தாவது. கொரோனாவில் தாய் தந்தை இருவரையும் இழந்த குழந்தைகளுக்குத் தமிழக அரசு 2021இல் 5 லட்சம் ரூபாய் வைப்புத்தொகை அறிவித்தது. பணம் வங்கியில் இருக்கும். தலையைத் தடவ ஒரு கை வேண்டுமே! உங்கள் மஹல்லாவில் அத்தகைய யதீம் யார் என்று ஜமாஅத்துக்குத் தெரியுமா?

மய்யித்தின் கண்ணியம்

அக்காலத்தில் நம்மை மிகவும் வாட்டியது ஜனாஸா விஷயம். இலங்கையில் 2020 ஏப்ரல் முதல் கொரோனாவில் இறந்தவர்களை எரிக்கக் கட்டாயப்படுத்தினார்கள். பச்சிளங் குழந்தைக்கும் விலக்கில்லை. 2021 பிப்ரவரி இறுதியில்தான் அது மாறி, மார்ச் முதல் மட்டக்களப்பு மாவட்டத்து ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கியது. 2024இல் அந்நாட்டு அரசு மன்னிப்புக் கேட்டது. தமிழகத்திலோ, உறவினரே அஞ்சி விலகிய மய்யித்துகளைத் தமுமுக உள்ளிட்ட அமைப்புகளின் தொண்டர்கள் சாதி சமயம் பாராமல் சுமந்து சென்று அவரவர் முறைப்படி அடக்கமும் தகனமும் செய்தார்கள். 2020 மார்ச் இறுதியில் நோய்ப் பரவலை முன்னிட்டு நம் சமுதாயத்தின் மீது வீசப்பட்ட பழிச்சொற்களுக்கு அதைவிடச் சிறந்த பதில் எது?

"வாப்பாவைக் குளிப்பாட்டாமல் அடக்கினோமே" என்று இன்றும் உள்ளுக்குள் அழுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் அறியட்டும்: சக்திக்கு மீறி அல்லாஹ் எவரையும் சிரமப்படுத்துவதில்லை. குஸ்லுக்கு வழியில்லையென்றால் தயம்மும். அதற்கும் வழியில்லையென்றால் அந்தக் கடமை அவர்கள் மீதிருந்து தளர்கிறது. கொள்ளைநோயில் இறந்த முஃமினுக்கு ஷஹீதுடைய கூலி உண்டு என்று நபி (ஸல்) அவர்கள் நற்செய்தி கூறியுள்ளார்கள். ஆகவே குற்ற உணர்வை விடுத்து, அவர்களுக்காக துஆச் செய்யுங்கள். அவர்கள் விட்டுச் சென்ற கடன்களை அடையுங்கள். அவர்கள் பெயரால் தர்மம் செய்யுங்கள். அன்று விடுபட்டதை ஈடுசெய்ய இன்னொரு வழியும் உண்டு. இன்று வசதி இருக்கிறது. குளிப்பாட்டவும் கஃபனிடவும் நம் ஊர்கள் சிலவற்றில் ஆளில்லை. இளைஞர்கள் பேஷ் இமாமிடம் சென்று அந்த முறையைக் கற்றுக்கொள்ளட்டும்.

வாசகர்கள் இம்மாதம் தம் வீட்டிலிருந்தே தொடங்கலாம். கொரோனாவுக்காக நாம் விட்டவை எவை, அவற்றில் இன்னும் திரும்ப எடுக்காதவை எவை என்று குடும்பத்தோடு உட்கார்ந்து எண்ணிப் பாருங்கள். அடுத்த வக்துக்குப் பாங்கு சொல்லும்போது எழுந்து நடப்பதே அதற்கு முதற்படி.

வல்ல அல்லாஹ் அந்நோயில் மறைந்தவர்களின் கபுருகளை ஒளிமயமாக்குவானாக! அவன் தந்த சலுகைகளை உரிய காலத்தில் ஏற்கவும், உரிய காலத்தில் விடவும் நமக்குத் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.