சாவு விழுந்த வீட்டில் ‘ஏன்’ என்று கேட்காதீர்கள்

கிணற்றில் கிடந்த உடல். தவறி விழுந்தாரா, தானே விழுந்தாரா என்பதைப் பல நேரம் பிரேதப் பரிசோதனை சொல்லாது. லாஸ் ஏஞ்சலஸ் மரண விசாரணை அதிகாரி தியோடர் கர்ஃபி இத்தகைய சாவுகளில் திணறியபோதுதான், உளவியலாளர் எட்வின் ஷ்னைட்மன் குழுவினர் இறந்தவரை அறிந்தவர்களிடம் போய்ப் பேசத் தொடங்கினார்கள். அதுதான் உளவியல் பிரேதப் பரிசோதனை.

இந்த விசாரணைக்குப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன்: வழக்குக் கோப்பை முழுதும் படித்துவிட்டு அந்த வீட்டுக்குப் போங்கள். காரியம் முடியும்வரை போகாதீர்கள். இரண்டு மூன்று மாதம் போகட்டும். போலீஸ் ஜீப்பில் போய் இறங்கவே கூடாது. சொல்வது யார் கைக்குப் போகும் என்று விளக்கிச் சம்மதம் வாங்குங்கள். காக்க முடியாத ரகசியத்துக்கு வாக்குக் கொடுக்காதீர்கள்.

பலரும் சறுக்குவது முதல் கேள்வியில். “ஏம்மா இப்படி ஆச்சு?” என்றால் தாயின் காதில் “நீ ஏன் கவனிக்கல?” என்றுதான் விழும். உடனே ஊருக்குச் சொன்ன அதே ‘தீராத வயிற்றுவலி’ வரும். பேச்சு அங்கேயே நின்றுவிடும். “அம்மா, தம்பி எப்படிப்பட்ட பிள்ளை?” என்று தொடங்குங்கள். அழட்டும், காத்திருங்கள். பிறகு கடைசி வாரத்தை நாள் நாளாக நடத்திக் கூட்டி வாருங்கள். தேதி நினைவில்லையா? ரேஷன் வாங்கிய நாள், சம்பள நாள் என்று பிடியுங்கள். ‘தற்கொலை’ என்ற சொல்லை அவர்கள் எடுக்கும்வரை நான் எடுப்பதில்லை. ஆனால் “வாழப் பிடிக்கலைன்னு எப்பவாவது சொன்னானா?” என்று கேட்காமல் எழுந்ததும் இல்லை.

ஒவ்வொருவரிடமும் தனியாகப் பேசுங்கள். ஒரு வீட்டில் அப்பா கேட்டார்: “சாக நினைச்சவன் முந்தின நாள் 84 நாளுக்கு ரீசார்ஜ் பண்ணுவானா சார்?” நியாயமான கேள்வி. கொல்லைப்புறத்தில் தங்கை சொன்னாள்: “அண்ணன் போனை வாங்கி நான்தான் சார் பண்ணேன்.” அதனால் தற்கொலை என்று ஆகிவிடாது. ஆனால் விபத்துக்கு இருந்த பெரிய சான்று போய்விட்டது. யார் கையால் நடந்தது என்று எப்போதும் கேளுங்கள். ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் கொண்டுபோகவே கூடாது. தங்கை சொன்னதை நான் அப்பாவிடம் சொல்லவில்லை.

கிளம்புமுன், இருப்பவர்களுக்குத் தூக்கம் வருகிறதா என்று விசாரியுங்கள். டெலி மானஸ் மனநல உதவி எண் 14416ஐக் காகிதத்தில் எழுதிக் கையில் கொடுங்கள்.

குறிப்பை அன்றிரவே, அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுதிவிடுங்கள். “சோத்தைப் பிசைஞ்சுக்கிட்டே உக்காந்திருந்தான்” என்று அம்மா சொன்னால் அதையே எழுதுங்கள். ‘விரக்தி’ என்று மாற்றாதீர்கள்.