காமதகனக் கதையும் கதை சொல்லும் வகைகளும்

கதை ஒன்றேயாயினும், அது மக்களைச் சென்று சேரும் வழிகள் பலவாம். ஏட்டிலிருந்து வாசிக்கப்படுவது ஒன்று. பொருள் விரித்து உரைக்கப்படுவது ஒன்று. வேடம் புனைந்து ஆடப்படுவது ஒன்று. பாட்டி இரவிலே பேரனுக்குச் சொல்வது மற்றொன்று. வழி வேறுபடுமிடத்து, கதை மனத்திலே செய்யுந் தொழிலும் வேறுபடும். சைவபாடசாலைகளிலே சமயபாடம் பெரும்பாலும் சரித்திரங்களாலே நடைபெறுதலின், இதனை ஆசிரியர்கள் ஆராய்ந்தறிதல் அவசியமாகும். ஆராய்ச்சிக்கு நம்மவர் யாவரும் அறிந்த ஒரு கதையை எடுத்துக்கொள்வாம்.

கச்சியப்ப சிவாசாரியர் அருளிய கந்தபுராணத்திலே காமதகனப் படலம் என ஒன்றுண்டு. சூரபன்மனால் வருந்திய தேவர்கள், சிவபெருமானுக்கு ஒரு புதல்வர் தோன்றினாலன்றித் தமக்கு உய்தியில்லையென்று கண்டு, மோனத்திலிருந்த பெருமான்மீது மலர்க்கணை தொடுக்கும்படி மன்மதனை ஏவினர். அவன் அஞ்சி மறுத்தான். பிரமதேவர் விடாது வற்புறுத்தலாற் சென்றான். நெற்றிக்கண்ணின் நெருப்பால் நீறானான். இரதி புலம்பினாள். பின்பு பெருமான் அவள் கண்ணுக்கு மாத்திரம் புலப்படும்படி அவனை எழுப்பியருளினார்.

யாழ்ப்பாணத்துக் கோயில்களிலே இக்கதை புராணபடனமாக வழங்கும். ஒருவர் செய்யுளை இராகத்தோடு வாசிப்பர். மற்றொருவர் பயன் சொல்வர். அடியார்கள் சூழ்ந்திருந்து கேட்பர். 10,000க்கு மேற்பட்ட செய்யுட்களையுடைய அந்நூல் நாடோறும் சிறிது சிறிதாகப் படிக்கப்படுதலின், எழுத்தறியாதவரும் அதனைச் செவிவழியே பெற்றனர்.

மலைநாட்டுத் தோட்டங்களிலோ அதே கதை காமன் கூத்தாக வழங்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே தென்னிந்தியாவிலிருந்து வந்து, மன்னார்க் கரையிலிறங்கி, காட்டுவழியே நடந்து மாத்தளையை அடைந்த தொழிலாளர் கைப்பொருளாகக் கொண்டுவந்தது சிறிது. நெஞ்சிற் கொண்டுவந்த கதைகளோ பல. பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு, காமன் கூத்து என்னும் மூன்றும் அவற்றுட் சிறந்தன. மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலிலே பஞ்சரதம் பவனிவரும் மாசி மாதமே காமன் கூத்துக்கும் உரிய மாதம். ஆடுவோர் தொழிற்கூத்தரல்லர், தோட்டத்திலே வேலைசெய்வோரே விரதங்காத்து வேடம் பூணுவர். தப்பு முழங்க, இரதி மதன் திருமணமும், புறப்படும் மதனை இரதி தடுத்து நிற்றலும், தகனமும், புலம்பலும் முறையே நிகழும். மூன்றாம் நாள் காமன் எழுப்பப்படுவான்.

இவ்விரண்டையும் ஒப்பிட்டு நோக்குக. புராணபடனங் கேட்போர் மனம் பெருமானுடைய யோகநிலையிலும் தேவர்களுடைய முறையீட்டிலும் நிற்கும். கூத்தைக் காண்போர் மனமோ இரதியின் பக்கத்தில் நிற்கும். ஏவினவர் மேலிடத்தவர், எரிந்தவன் ஏவப்பட்டவன். பிறர் ஏவலின்கீழ் உழைத்து, வந்த வழியிலே நோயாலும் பசியாலும் உற்றாரை இழந்த ஒரு சமூகம், அப்புலம்பலிலே தன் புலம்பலைக் கேட்டதென்று கொள்ளுதல் பொருந்தும். காமன் எழும்போது அவர்க்கும் ஓர் ஆறுதல் பிறந்திருக்கும். தஞ்சை நாட்டிலே காமன் பண்டிகையில் இலாவணி பாடுவோர், காமன் எரிந்தான் என ஒரு கட்சியும் எரியவில்லை என மற்றொரு கட்சியுமாகப் பிரிந்து வாதிடுவர். ஆகவே, ஒரே கதை, படனத்தாற் பணியச் செய்தது. கூத்தால் உருகச் செய்தது. வாதத்தால் ஆராயச் செய்தது.

இளம்பருவத்தில் இவ்வாற்றல் மிகும் என்பதற்குக் காந்தியடிகள் தமது சுயசரிதத்திற் கூறியது சான்றாம். சிரவணனுடைய பிதிர்பக்தியைக் கூறும் நாடகநூலை அவர் படித்தார். ஊர்தோறுந் திரிந்து படங்காட்டுவோர், அவன் பெற்றோரைக் காவடியிற் சுமந்துசெல்லும் படத்தைக் காட்டக் கண்டார். அரிச்சந்திர நாடகத்தைக் கண்டபின், அதனைத் தம் மனத்துள்ளே பலமுறை நடித்துப் பார்த்தார். உண்மை பேசுக என்னும் விதியை எவருஞ் சொல்லலாம். எல்லாரும் அரிச்சந்திரனைப்போல ஏன் இருத்தல் கூடாது என்னும் வினாவை ஒரு சிறுவன் உள்ளத்தில் எழுப்புவது கதையே.

ஆற்றலுடைய பொருள் தீமையுஞ் செய்ய வல்லது. இக்காலத்துச் சிறுவர் கைப்பேசியிலுஞ் சினிமாவிலும் காணுங் கதைகள் எல்லாம் நல்லனவல்ல. அதற்குத் தடைமாத்திரம் மருந்தாகாது. அநபாய சோழர் சீவகசிந்தாமணியிலே மனம் ஈடுபட்டிருந்தபோது, அமைச்சராகிய சேக்கிழார் அடியார் சரித்திரங்களை எடுத்துரைத்து அவர் மனத்தைத் திருப்பினாரென்பது வரலாறு. ஒரு கதையை வெல்வது அதனினுஞ் சிறந்த கதையே.

இனி, வகுப்பிலே செய்யத்தக்கவற்றைக் கூறுவாம். இளமையிலே மிஷன் பாடசாலையிற் கற்ற யான், அங்கே உவமைக் கதைகளைச் சுருங்கச் சொல்லி, வினாவினால் விடை வருவிக்கும் முறையைக் கண்டிருக்கிறேன். மிஷன் பாடசாலையிற் கற்றவராகிய ஆறுமுகநாவலரும் நல்ல முறையை எங்கிருந்தும் கொள்ளத் தயங்கினவரல்லர்; 1847ஆம் ஆண்டு டிசம்பர் 31ந் திகதி வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிலே பிரசங்கத்தைத் தொடங்கினார்; பெரியபுராணத்தை யாவரும் வாசிக்கத்தக்க வசனமாகவுஞ் செய்தார்.

முதலாவது, ஆசிரியர் புத்தகத்தை மூடிவைத்துக் கதையை மாணாக்கர் முகம் நோக்கிச் சொல்லுக. இரண்டாவது, நீதியை முன்னே சொல்லற்க. முடிவை முன்னறிந்த சிறுவன் கதையைக் கேளான். மூன்றாவது, ஒருவனைப் பிரமதேவராகவும், ஒருவனை மன்மதனாகவும், ஒருத்தியை இரதியாகவும் நிறுத்திப் பேசச் செய்க. நான்காவது, குற்றம் ஏவினவர்மேலதா, எய்தவன்மேலதா என வினவுக. அவர்கள் வாதிட்டு முடிந்தபின், பெருமானுடைய சினமும் மறக்கருணையேயாதலையும், அழித்தவரே எழுப்பியருளினமையையும் விளக்குக. செய்யுளை அதன்பின் வாசிக்கின், அது மனத்திலே பதியும்.

ஐந்தாவது மிக முக்கியமானது. யட்டவத்த முதலிய இடங்களிலே கற்பிக்கும் ஆசிரியர், தோட்டத்துச் சிறுவரை அவர்கள் வீட்டார் அறிந்த காமன் பாட்டையும் கதையையும் கேட்டுவந்து சொல்லும்படி ஏவுக. கூத்தைக் கல்லாதார் ஆட்டமென்று இகழும் ஆசிரியர் சிலர் உளர். பேராசிரியர் சு. வித்தியானந்தன் அவர்கள் 1960களிலே பேராதனைப் பல்கலைக்கழக மாணாக்கரைக்கொண்டு மட்டக்களப்புக் கூத்தை மேடையேற்றிக் கற்றோரும் மதிக்கச் செய்தமையை அன்னோர் நினைக்க. இகழ்ச்சியாக ஆசிரியர் வாயிற் பிறக்கும் ஒரு சொல், சிறுவன் தன் தந்தை பூண்ட வேடத்தைக் குறித்து நாணும்படி செய்யும். நாணியவன் வீட்டுக் கதையை விடுவான். பாடசாலைக் கதையையும் தனதென்று கொள்ளான். இரண்டையும் இழந்த சிறுவனுக்குச் சமயபாடம் பரீட்சைக்குரிய எழுத்தாய் முடியும்.

வருகின்ற மாசியிலே தோட்டத்தில் தப்பொலி கேட்குமாயின், ஆசிரியர் தாமும் அங்கே சென்று நிற்க. மறுநாள் வகுப்பிலே அவர் சொல்லுங் காமதகனத்தை மாணாக்கர் செவிசாய்த்துக் கேட்பர் என்பதில் ஐயமில்லை.